பேட்டரியை வண்டியில் ஏற்றுமுன்: சாலைவழி அபாயச் சரக்கு பற்றிக் கேள்வி பதில்

பேட்டரி, ஆசிட், பெயின்ட், கேஸ் போன்ற சரக்குகளைச் சாலை வழியே அனுப்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சரக்கு ஏறும் முன் பெட்டியையும் தாள்களையும் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.நா. வெளியிடும் மாதிரி விதிகள்தான் உலகம் முழுக்க அடிப்படை. அவற்றை ஒவ்வொரு நாடும் தனக்கு ஏற்றபடி சட்டமாக்கிக்கொள்கிறது. 1957இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஏ.டி.ஆர். ஒப்பந்தம் சாலைக்கென்றே உள்ளது. நான் எடை, லிட்டர் என்று கணக்குச் சொல்லும் இடங்களில் அதைத்தான் பின்பற்றுகிறேன். உங்கள் வண்டி ஓடும் நாட்டில் அளவு மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், பெட்ரோல் அபாயம் என்றால் புரிகிறது. சும்மா கிடக்கும் பேட்டரிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

சும்மா கிடந்தாலும் அதற்குள் சக்தி இருக்கிறதே! பெட்ரோல் பற்ற வெளியிலிருந்து ஒரு பொறி வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு அதுகூட வேண்டாம். அடிபட்டோ தயாரிப்புக் கோளாறாலோ உள்ளே ஷார்ட் ஆனால் அந்த செல் (பல சேர்ந்து பேட்டரியாகும் சிறு அலகு) தானே சூடேறும். அந்தச் சூடு பக்கத்து செல்லையும் கிளப்பிவிடும். உள்ளே இருக்கும் திரவமும் எரியக்கூடியது. வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் உண்டு.

அபாயச் சரக்குகள் மொத்தம் 9 வகுப்புகள். பெட்ரோல் 3ஆம் வகுப்பு. ஆசிட் ஊற்றிய கார் பேட்டரி, அரிக்கும் பொருள் என்பதால் 8ஆம் வகுப்பு. லித்தியம் 9ஆம் வகுப்பு. எண் பெரிதானால் அபாயம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். வகுப்பு எண் அபாயத்தின் தன்மையைத்தான் சொல்கிறது, அளவை அல்ல.

கேள்வி: அண்ணா, பவர் பேங்க் அனுப்புகிறோம். தாளில் 3480 போடுவதா, 3481 போடுவதா? ஆபீசில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

3480 போடுங்கள். தனியாகப் போகும் லித்தியம் அயான் பேட்டரிக்கு அதுதான் ஐ.நா. எண், அதாவது சரக்கு இன்னதென்று அடையாளம் காட்டும் எண். கருவிக்குள் பொருத்தியோ, கருவியோடு ஒரே பெட்டியில் வைத்தோ அனுப்பினால் 3481. ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் மெட்டல் வகைக்கு இதே கணக்கில் 3090, 3091.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பவர் பேங்கில் சுவிட்ச், விளக்கு, யூ.எஸ்.பி. துளை எல்லாம் இருப்பதால் அதைக் கருவி என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே விதியின் கண்ணில் அது வெறும் பேட்டரி.

கேள்வி: 100 வாட்-மணிக்குக் கீழே இருந்தால் எந்த விதியும் இல்லை என்கிறார்களே?

பாதிதான் உண்மை. வாட்-மணி என்பது பேட்டரி எவ்வளவு சக்தி சேமிக்கும் என்பதன் அளவு. முதலில் கணக்கு: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 3.7 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 74 வாட்-மணி. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி சைக்கிள் பேட்டரி 504. முதலாவதுக்குச் சலுகை உண்டு, இரண்டாவதுக்குக் கிடையாது.

தனி செல் 20, சேர்த்துக் கட்டிய பேட்டரி 100 வாட்-மணியைத் தாண்டாவிட்டால் 9ஆம் வகுப்பு லேபிள், அபாயச் சரக்குத் தாள் போன்றவை வேண்டாம். ஆனால் அந்த மாடல் ஐ.நா. 38.3 சோதனையில் தேறியிருக்க வேண்டும். வெப்பம், அதிர்வு, ஷார்ட், நசுக்கல் என்று வரிசையாகப் போகும் சோதனை அது. அதன் சுருக்க அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் நான் என்றால் சரக்கே எடுக்க மாட்டேன். அப்புறம், தனி பேட்டரிகள் உள்ள பெட்டி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே சேதமாகக் கூடாது. எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு ஓரமிட்ட லித்தியம் குறியும் ஒட்ட வேண்டும்.

கேள்வி: சார்ஜை 30 சதவீதத்துக்குக் குறைத்த பிறகுதான் லாரியில் ஏற்ற வேண்டுமா?

இல்லை, அது விமான விதி. சாலையில் கட்டாயமில்லை. குறைத்தால் நல்லதுதான், சார்ஜ் குறைய எரியும் வேகமும் குறையும்.

கேள்வி: ஐயா, உப்பிப்போன ஸ்கூட்டர் பேட்டரிகள் கடையில் சேர்ந்துவிட்டன. பழைய பேட்டரிகளோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாமா?

சேர்க்காதீர்கள். ஆயுள் முடிந்த பேட்டரி வேறு, சேதமான பேட்டரி வேறு. இரண்டுக்கும் பொதியும் முறையே தனி. உப்பியது, கசிந்தது, அடிபட்டது, ஒருமுறை தானாகச் சூடானது, தயாரிப்பாளரே கோளாறு என்று திரும்ப அழைத்தது எல்லாமே சேதமான கணக்கில்தான் வரும். இவற்றுக்கு 100 வாட்-மணிச் சலுகையும் கிடையாது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கசியாத உள்ளுறையில் போட வேண்டும். சுற்றிலும் எரியாத, மின்சாரம் கடத்தாத, சூட்டைத் தடுக்கும் பொருளை நிரப்ப வேண்டும். வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் பரவலாகப் பயன்படுகிறது. நியூஸ்பேப்பர், தெர்மாகோல் கூடவே கூடாது. கசிவு இருந்தால் உறிஞ்சும் பொருளும் வேண்டும். இதெல்லாம் ஐ.நா. சான்று பெற்ற வெளிப்பெட்டிக்குள் போகும். பெட்டி மேல் பேட்டரி சேதமானது என்று எழுத வேண்டும். கையில் எடுக்கும்போதே சூடு தெரிந்தாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வந்தாலோ, சீறல் கேட்டாலோ அதை அன்று அனுப்பவே வேண்டாம். திறந்த வெளியில், மற்ற பொருள்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, இத்தகைய பேட்டரிகளைக் கையாளும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்டதை ஏற்ற அரசின் தனி அனுமதியோ, அதற்கென்றே உள்ள பெட்டியோ தேவைப்படும்.

கேள்வி: கார் பேட்டரிகளைப் பாலெட்டில் அடுக்கி அனுப்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

டெர்மினலைத்தான். அடுக்கின் மேல் இரும்புப் பட்டை போட்டு இறுக்குகிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்கப் பட்டை நகர்ந்து ஒரே பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் தொட்டால் போதும், பட்டை பழுக்கக் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் பட்டை போடுங்கள். டெர்மினலுக்கு மூடி மாட்டுங்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கனமான அட்டை வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது, எல்லாம் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

புது பேட்டரிகள் சரியாமல், விழாமல் கட்டப்பட்டு, ஷார்ட் ஆகாமல், வெளியே ஆசிட் படியாமல் இருந்தால் ஏ.டி.ஆர். மற்ற விதிகளிலிருந்து விலக்குத் தருகிறது. பழைய பேட்டரிக்கும் இந்த விலக்கு உண்டு, ஆனால் உறை உடையாமல், கசியாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு பேட்டரி விரிசல் விட்டிருந்தால் அதைப் பிரித்து ஆசிட் தாங்கும் தொட்டியில் வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு எடை வரை ஆரஞ்சுப் பலகை இல்லாமல் போகலாம்?

ஆரஞ்சுப் பலகை என்பது அபாயச் சரக்கு வண்டியில் எச்சரிக்கையாக மாட்டுவது. ஏ.டி.ஆரில் 1000 புள்ளிக் கணக்கு: வண்டியில் உள்ள சரக்கின் புள்ளிகள் மொத்தம் 1000ஐத் தாண்டாவிட்டால் பலகை வேண்டாம். முழு விதிக்கு உட்பட்ட லித்தியம் பேட்டரி என்றால் ஒரு கிலோவுக்கு 3 புள்ளி, ஆக 333 கிலோ வரை. டீசலுக்கு லிட்டருக்கு 1 புள்ளி. ஒரே வேனில் 200 கிலோ பேட்டரி, 300 லிட்டர் டீசல் என்றால் 600ம் 300ம் சேர்ந்து 900, தப்பித்தீர்கள். பலகை வேண்டாம் என்றாலும் பொதி, லேபிள், தாள், 2 கிலோ தீயணைப்பான், ஊழியருக்குப் பயிற்சி ஆகியவை கட்டாயம்.

கேள்வி: டேங்கர் பின்னால் உள்ள பலகையில் மேலே 33, கீழே 1203 என்று இருந்தது. என்ன அது?

கீழே ஐ.நா. எண்: 1203 என்றால் பெட்ரோல். மேலே அபாய எண்: 3 என்றால் எரியும் திரவம், அதுவே இரட்டித்தால் மிக எளிதில் எரியும். முன்னால் ‘எக்ஸ்’ எழுத்து இருந்தால் அந்தச் சரக்கு தண்ணீரோடு ஆபத்தாக வினைபுரியும். அந்த வண்டியில் தீப்பிடித்தால் வாளியோடு ஓடாதீர்கள்.

கேள்வி: சொந்தக் காரில் கேனில் பெட்ரோல் கொண்டுபோனால் இதெல்லாம் பொருந்துமா?

சொந்த உபயோகத்துக்கு என்றால் ஏ.டி.ஆர். விலக்கு தருகிறது. ஒரு கேன் 60 லிட்டர், ஒரு வண்டியில் மொத்தம் 240 லிட்டர். பல நாடுகளில் இதைவிடக் கடுமையாக இருக்கும். 60 லிட்டரைக் காருக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது, விதி அனுமதித்தாலும், எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: நான் டிரைவர் சார். ஓடும்போது பின்னால் பேட்டரிச் சரக்கிலிருந்து புகை வந்தால் என்ன செய்வது?

ஆட்களும் கட்டடமும் இல்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுச் சரக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். காற்று அடிக்கும் பக்கம், அதாவது புகை உங்கள் மேல் வராத பக்கம், தள்ளிப் போய் நில்லுங்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு முதல் வாக்கியத்திலேயே “லித்தியம் பேட்டரி, எண் 3480” என்று சொல்லுங்கள்.

சரக்குப் பகுதியின் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே சேர்ந்த வாயு காற்று பட்டதும் வெடிக்கலாம். கையில் இருக்கும் தீயணைப்பான் டயர், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் வரும் சின்னத் தீக்குத்தான். சரக்கில் பிடித்த தீயை வண்டி ஊழியர் அணைக்க முயலக் கூடாது என்று டிரைவருக்குத் தரும் ஏ.டி.ஆர். எழுத்துக் குறிப்பிலேயே இருக்கிறது. தீயணைப்பானில் உள்ள பவுடர் சுவாலையை அடக்கினாலும் செல்லின் சூட்டைத் தணிக்காது, அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அணைந்தது போலத் தெரிந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, திரும்பப் பற்றும். அதனால் மிச்சச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லி முதலாளி போன் செய்தாலும், தீயணைப்புத் துறை சரி என்று சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள்.