ஐந்து நாளில் அச்சேறும் ஆய்வு

அன்புள்ள ஐயா,

வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எங்கள் ஊர் ஏரித் தண்ணீரில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் ஆய்வு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. பணம் கட்டினால் ஐந்தே நாளில் போட்டுத் தருவதாக ஓர் ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. "கட்டிவிடு, துறைத்தலைவர் பெயரையும் சேர்த்துவிடு, ஊரோடு ஒத்துப் போ" என்கிறார் கைடு. தலைவர் இந்த ஆய்வில் எதுவும் செய்யவில்லை. இதில் எது தப்பு, எது நடைமுறை? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணம் கட்டுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். படிப்பவரிடம் சந்தா வாங்காத இதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. 'பிளாஸ் ஒன்' போன்ற மதிப்புள்ள இதழ்களும் அப்படித்தான் நடக்கின்றன. என்னை உறுத்துவது அந்த ஐந்து நாள். உங்கள் துறை தெரிந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் படித்து, "மாதிரியை எந்த மாதத்தில் எடுத்தீர்கள், கருவியை எப்படி அளவுதிருத்தம் செய்தீர்கள்" என்று கேட்டு, நீங்கள் பதில் எழுதி முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். கட்டுரையைப் பார்க்கும் முன்பே வெளியீட்டுக்கு நாள் குறிப்பவர்கள் உங்களுக்கு விற்பது அந்த மதிப்பீட்டாளர்களின் சம்மதத்தை. அதுவோ விலைக்குக் கிடைக்கக்கூடாத ஒன்று.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதை ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2013இல் 'சயன்ஸ்' இதழில் காட்டினார். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்தார். எழுதியவர் பெயரும் பொய், நிறுவனமும் பொய். உள்ளே இருந்த ஓட்டைகளோ இளங்கலை மாணவருக்கே தெரியக்கூடியவை. மருந்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் வரைபடம் அப்படிச் சொல்லாது. சோதனைச் செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, ஒப்பிடுவதற்கான செல்களுக்குக் கொடுக்கவே இல்லை. 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து நடப்பவற்றில் மட்டும் 64 ஏற்றன, 15தான் மறுத்தன. நான் மேலே சொன்ன 'பிளாஸ் ஒன்' மறுத்தவற்றில் ஒன்று.

ஆய்விதழ்களை வெளியிடும் ஹைதராபாத் நிறுவனமான ஓமிக்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டுகளில் உங்களுக்கு முக்கியமானது ஒன்று: கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுக்கவில்லை. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்குத் தரக்கூடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. ஆக, தப்பான இடத்தில் கொடுத்துவிட்டால் நல்ல இதழின் கதவையும் அடைத்துக்கொள்கிறீர்கள்.

பட்டியலைப் பார்த்துப் போட்டால் போதுமே என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 2018இல் 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பதிலாக வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் பெயரும் காப்பாற்றாது. வைலி என்ற பெரிய பதிப்பகம் விலைக்கு வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் மட்டும் ஏன் அதை விடமாட்டேன் என்கிறதோ! எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். அதை விற்கவும் ஆள் வரும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? அந்த இதழில் போன வருடம் வந்த நான்கு கட்டுரைகளைத் திறந்து, நீர் ஆய்வு பற்றியது ஒன்று இருந்தால் அதன் முறைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரியிலேயே, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா" என்று எழுதிக் கேளுங்கள். ஓமிக்ஸ் வழக்கில் சம்மதிக்காதவர்களின் பெயர்களும் அந்தக் குழுக்களில் இருந்தது தெரியவந்தது.

இனி துறைத்தலைவர் விஷயம். இங்கே நான் கைடோடு உடன்படவே மாட்டேன். ஆய்வில் பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்குச் சம்மதம் வேண்டும், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு கட்டுரை ஆசிரியருக்கு வைத்திருக்கும் தகுதி இது. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். பதவி அந்த நான்கில் இல்லை.

கைடிடம் இதை நேரடியாகச் சொல்வது கஷ்டம், தெரியும். வைவா என்ற வாய்மொழித் தேர்வு அவர் கையில் இருக்கிறது. அதனால் தலைவரின் நன்மைக்காகப் பேசுவதுபோலப் பேசுங்கள். 2020 மே மாதம் 'லான்செட்' மருத்துவ இதழில், கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 96,000 நோயாளிகளின் தகவல் என்றார்கள். அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. இரண்டே வாரத்தில், மூலத் தகவலுக்குத் தங்களால் உத்தரவாதம் தரமுடியாது என்று நான்கு ஆசிரியர்களில் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களில் ஹார்வர்டு பேராசிரியரும் இருந்தார். தகவல் நான்காமவரின் நிறுவனத்திடம் இருந்தது. "நாளைக்கு ஏரி மாதிரியைப் பற்றி யாராவது கேட்டால் சாரும் பதில் சொல்ல வேண்டியிருக்குமே" என்று சொல்லிப் பாருங்கள். கருவி வாங்கிக் கொடுத்தார், அனுமதி கொடுத்தார் என்றால் கட்டுரையின் கடைசியில் நன்றிப் பகுதி இருக்கிறது. அங்கே முழுப் பெயரும் பதவியும் போட்டு, அச்சுக்குப் போகும் முன் அவரிடமே ஒருமுறை காட்டிவிடுங்கள்.