குளிர்காலத்தில் எடுக்காத பழைய காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

போதாது. ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது, சும்மா விடுவதைவிடக் கெடுதல்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறியிருந்தால் அது பறந்துவிடும். குளிர்ந்த இரும்பில் பட்டால் மறுபடி நீராகித் தங்கிவிடும். சோற்றுப் பானை மூடியின் அடியில் முத்து முத்தாக நிற்குமே, அதேதான். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் 1974 ஃபோர்டு கார்ட்டினா காரின் ஆயில் மூடியை ஒரு ஜூலையில் (இங்கே அது குளிர்காலம்) திறந்தேன்: உள்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் பசை. ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளம். (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படி வரும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைகிறதா என்றும் பாருங்கள்.)

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். முடியாதா? ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சில இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து 9 சதவீதம் பெருகும், எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். தண்ணீரை உறையவிடாமல் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் கலப்பது கட்டாயம்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், காற்றுப் போகும் துணி உறைதான் வேண்டும்.