ஸ்பீட் பேக் ஸ்விவலுக்கு எந்த எண்ணெய்? எந்த வகை வாங்கலாம்?

குத்துச்சண்டைப் பயிற்சிக்குத் தலைக்கு மேலே ஒரு பலகையின் அடியில் தொங்கவிட்டு அடிக்கும் சிறிய தோல் பந்துதான் ஸ்பீட் பேக்; அதைப் பலகையோடு பிணைத்துச் சுழலவிடும் இரும்புப் பூட்டு ஸ்விவல். அந்த ஸ்விவல் கிறீச்சிடுகிறது, தேங்காய் எண்ணெய் விட்டேன், கொஞ்ச நாளில் முன்னைவிட இறுகிவிட்டது, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு மொட்டை மாடியில் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வாங்கும் பேச்சு அப்புறம். முதலில் அந்தத் தேங்காய் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். வேலூர் என்றாலே வெயில்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில் எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் எடுக்கிறோம். உறையாத காலத்திலும் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசினாகிவிடும்.

நான் பாக்சிங் தெரிந்தவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் போடும் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டே காலம் போனது. சுழலும் இரும்புக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும்.

என் தங்கை மகன் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஸ்பீட் பேக்கில் ஒரு கணக்கு உண்டு. கை பட்டதும் பேக் முன்னே போய்ப் பலகையில் மோதுவது ஒன்று, நம் பக்கம் திரும்பி மோதுவது இரண்டு, மறுபடி முன்னே போய் மோதுவது மூன்று; அது திரும்பும்போது அடுத்த குத்து. இவன் அடித்தால் மூன்றாவது மோதல் வராது. பேக் பாதியிலேயே சோர்ந்து பக்கவாட்டில் நெளியும். பயிற்சியாளர் அவனைச் சோம்பேறிக் கை என்று எல்லார் முன்பும் திட்டுவார். "மாமா, நான் இனிமேல் போகவில்லை" என்று வந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் போய்ப் பார்த்தேன். பேக்கைக் கழற்றிவிட்டு ஸ்விவலின் கொக்கியை ஒரு விரலால் தட்டினேன். தட்டியதும் நின்றது. நல்ல ஸ்விவல் அப்படி நிற்காது, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு ஸ்குரூவையும் கழற்றிக் கீழே இறக்கினால், கொக்கியின் தலையில் இருக்கும் இரும்புக் குண்டு உட்காரும் கிண்ணம் முழுவதும் லாரிக்குப் போடும் கிரீஸ். அதில் கையில் சுற்றும் துணியின் பஞ்சும் தோல் தூளும் மண்ணும் சேர்ந்து, குத்துவிளக்கின் அடியில் திரளும் பிசுக்குப் போலக் கறுத்துக் கிடந்தது. அடித்த அடியின் வேகத்தையெல்லாம் அதுதான் தின்றுகொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வேட்டித் துணியால் துடைத்துக் காயவைத்து, குண்டின் மேல் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. அவ்வளவுதான். கொக்கியை எல்லாப் பக்கமும் சுழற்றிவிட்டு, வழிந்ததை ஒற்றி எடுத்தேன்.

பையன் அடித்தான். மூன்று மோதலும் தடதடவென்று விழுந்தது. பயிற்சியாளர் என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தாயா, திட்டினால்தான் உனக்குக் கை வருகிறது." நான் கையில் ஸ்பேனரோடு பக்கத்தில் நிற்கிறேன்!

கிரீஸ்தான் நின்று வேலை செய்யும், எண்ணெய் ஓடிவிடும் என்று யாராவது எழுதுவார்கள். ஓடட்டும். மறுபடி இரண்டு சொட்டு விட எவ்வளவு நேரமாகும்? குண்டு வகைக்குத் துளி வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுபவர்களும் உண்டு, தவறென்று சொல்லமாட்டேன். துளி என்றால் துளிதான். துரு விடுவிக்கும் ஸ்பிரே துருவுக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துபோகும். எதை விட்டாலும் பேக்கைக் கழற்றிவிட்டு விடுங்கள். எண்ணெய் சொட்டினால் தோலும் தையலும் கெடும், உள்ளே காற்றடைத்திருக்கும் ரப்பர் பையும் உப்பிக் கெட்டுப்போகும்.

இனி எதை வாங்குவது. வீட்டுக்குக் குண்டும் கொக்கியும் உள்ள வகையே போதும். எல்லாப் பக்கமும் திரும்பும், பேக்கைச் சட்டென்று கழற்றலாம். கடையில் அடித்தட்டை ஒரு கையில் பிடித்துக் கொக்கியை ஆட்டிப் பாருங்கள். சுழல வேண்டும், ஆனால் கிண்ணத்துக்குள் கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் கொடுத்துவிட்ட ஸ்விவலை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. சங்கிலி வைத்தது வேண்டாம். பேக் பலகையிலிருந்து கீழே தொங்கித் தள்ளாடும். பலபேர் நாள் முழுக்க அடிக்கும் இடத்துக்குப் பேரிங் வகை சரி; அதிலும் மூடிய பேரிங் என்றால் உள்ளே ஸ்பிரே அடித்து இருக்கிற கிரீஸைக் கழுவிவிடாதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிட்டுப் பதனிட்டுப் பாலாறே பாழானது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. அத்தனை தோல் இங்கே. ஆனால் நம் பையன்கள் அடிக்கும் பேக் மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வருகிறது. ஷூவின் மேல்பாகத்தைக் கோணாமல் தைக்கும் பெண்களுக்கு ஒரு ஸ்பீட் பேக் தைக்கத் தெரியாதா? தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஆர்டர் சிறியதாம்.

போகட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் பலகையில் இருக்கும் துளைகளை ஒரு காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சிலவற்றில் மூன்று துளை, சிலவற்றில் நான்கு, இடைவெளியும் மாறும். புதுத் துளை போட்டுப் போட்டுப் பலகை பிளந்துபோனால் அதற்கும் இங்கே வந்துதான் கேள்வி கேட்பீர்கள்.