கேள்வி-பதில்: ஒரே ‘டும் டும்’ தானா?

கேள்வி: மெலடிக் புரோகிரசிவ் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையில் டிஜே மிக்ஸ் ஆல்பம் ஒன்றைக் கேட்கச் சொல்லி நண்பர் அனுப்பினார். 74 நிமிடம், 12 பாடல்கள். காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகும்போது ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துப் போட்டு, கேட்டேன். இரவில் ஃபோன் ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே ‘டும் டும்’. ஒரு பாட்டு முடியமுதலே அறுந்து போகிறது, அடுத்தது நடுவிலிருந்து தொடங்குகிறது. மற்றவர்களின் பாடல்களை வரிசையாக அடுக்கியதற்கு அட்டையில் இவருடைய பெயர் எதற்கு?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் அந்த ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை. அதன் துண்டுகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். முழுதாகக் கேட்கும்வரை தீர்ப்பைத் தள்ளி வையுங்கள்.

முதலில் அந்த ஷஃபிள். பலரின் பாடல்களை ஒரு டிஜே இடைவெளியில்லாமல் கலந்து தருவதுதான் மிக்ஸ் ஆல்பம். அதில் ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவதில்லை. இரண்டும் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஒன்றாக ஓடும். இந்தக் கலப்பின் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் பாடல் எண் மாறும். எனவே 7ஆம் பாடலின் கடைசி நிமிடத்தில் 8இன் தலை இருக்கும், 8இன் தொடக்கத்தில் 7இன் வால் இருக்கும். ஷஃபிள் 7ஐ முடித்துவிட்டு 3க்குத் தாவினால் நீங்கள் சொன்ன அறுப்பு வராமல் என்ன செய்யும்? சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி நடக்கும்போது பல்லவியைப் பாதியில் நிறுத்தி, துக்கடாவைப் பாடவைத்து, பிறகு வர்ணத்துக்குப் போகச் சொல்வீர்களா?

ஷஃபிளை நிறுத்தினால் மட்டும் போதாது. உங்கள் செயலியில், ஒரு பாடலின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றும் ‘கிராஸ்ஃபேட்’ என்றொரு வசதி இருக்கும். அதைப் பூச்சியத்தில் வையுங்கள். ஏற்கெனவே கலந்திருக்கும் இசையின் மேல் செயலியும் தன் பங்குக்குக் கலந்தால் தாளம் இரண்டுபடும். பாடல்களுக்கு நடுவே இடைவெளி விடாத ‘கேப்லெஸ்’ என்பதை இயக்கிவிடுங்கள். அதே ஆல்பம் இரண்டு வடிவில் கிடைத்தால், பாடல்கள் தனித்தனியாக உள்ளதை விட்டு, ‘கன்டினியூஸ் மிக்ஸ்’ என்ற ஒற்றைக் கோப்பை எடுங்கள். பட்டியலில் சில பாடல்கள் மங்கலாகத் தெரிந்தால் அவற்றுக்கு இங்கே உரிமம் இல்லை. செயலி அவற்றைச் சொல்லாமலே தாண்டிப் போகும், அந்த இடத்தில் பள்ளம் விழும். அப்படியானால் அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள். இறுவட்டிலிருந்து நீங்களே பதிவு செய்வதென்றால் எம்பி3 வேண்டாம், ஒலித்தரத்தைக் குறைக்காத ஃபிளாக் கோப்பு நல்லது. எம்பி3 ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சில பத்து மில்லிசெக்கன் வெறுமையைச் சேர்க்கும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் ஒவ்வொரு பாடல் மாற்றத்திலும் தாளம் ஒருதரம் தடுக்கி விழும். சாதாரண சினிமாப் பாட்டில் அது காதில் படாது, இங்கே பட்டே தீரும்.

இனி அந்த ‘டும் டும்’. இந்த இசையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 124 அடி. 120 என்று வைத்தால் ஓர் அடி அரைச் செக்கன், நான்கு அடி கொண்ட ஒரு பார் 2 செக்கன். மாற்றங்கள் பெரும்பாலும் 8 அல்லது 16 பாருக்கு ஒருமுறை வரும். 16 பார் என்பது 32 செக்கன். பத்துச் செக்கன் கேட்டுவிட்டு ‘ஒன்றும் மாறவில்லை’ என்று அடுத்ததை அழுத்துகிறவருக்கு, மாறுமுதலே பொறுமை போய்விட்டது என்பதுதான் உண்மை. அந்த ‘டும் டும்’ போடும் கிக் டிரம்மைக் காது பின்தொடரத் தேவையில்லை. அது தரை. அதற்கு மேலே ஏதாவதொன்றைப் பிடியுங்கள்: சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்தபடி திரும்பத் திரும்பச் சுழலும் ஆர்பெஜியோ, அடியில் நடக்கும் ஆழமான கீழ்ச்சுர வரியான பாஸ், பின்னால் நீண்ட சுரப்படலமாக விரிந்து கிடக்கும் பேட். முதல் தடவை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அந்த ஆர்பெஜியோ மூடிய கதவுக்குப் பின்னிருந்து வருவதுபோல மங்கலாகத் தொடங்கி, ஒரு நிமிடத்தில் மெல்லத் தெளிந்து முன்னால் வரும். சுரம் ஒன்றுகூட மாறியிருக்காது. ஒலியின் மேல்பகுதியை மறைத்திருந்த ஃபில்டரை ஒருவர் திறந்துகொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த இசையின் உணர்வு பாதி அங்கேதான்.

ஒரு கலப்பை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஓடுகிற பாட்டை அ என்றும் வருகிற பாட்டை ஆ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அ தன் கடைசிப் பகுதிக்குள் நுழையும் முதல் அடியில் ஆ தொடங்கும். இரண்டையும் கலக்கும் மிக்சரில் ஆவின் பாஸ் முழுதாக வெட்டப்பட்டிருப்பதால், உங்களுக்குக் கேட்பது மேலே ‘ட்ஸ்’ என்ற ஒரு ஹை-ஹாட் தாளத்தட்டு கூடியது மட்டுமே. 32 செக்கன் கழித்து ஆவின் நடு அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இப்போது அவின் மெட்டுக்குள் அந்நியமான இரண்டு சுரங்கள் கேட்கும். பிறகு, ஒரு பாரின் முதல் அடியில், டிஜே அவின் பாஸைக் கீழே இறக்கி அதே கணத்தில் ஆவின் பாஸை ஏற்றுவார். ‘பாட்டு மாறிவிட்டது’ என்று உடம்புக்குத் தெரிவது அங்கேதான், ஆனால் அவின் மெட்டு இன்னும் அரை நிமிடம் மேலே மிதந்துகொண்டிருக்கும்.

இதில் பிழைக்க நிறைய இடமுண்டு. இரண்டு கிக்கும் இம்மியளவு விலகினால் ஓர் அடி இரண்டாக உடைந்து ‘தட-தட’ என்று கேட்கும். இரண்டு பாஸும் ஒன்றாக ஓடினால் அடிப்பகுதி கலங்கிச் சேறாகும். பார்களின் கணக்குப் பிசகினால் ஒன்று அடங்கும் இடத்தில் மற்றது எழும்பிவிடும். சுருதியும் பொருந்தவேண்டும். ஏ மைனர் என்ற மேற்கத்திய சுரவரிசையிலிருந்து ஈ மைனருக்குப் போனால் ஏழு சுரத்தில் ஆறு பொது, ஒன்றே மாறும். கலப்பு இனிக்கும். ஏ மைனரிலிருந்து பி ஃபிளாட் மைனருக்குப் போனால் பொதுச் சுரம் இரண்டே இரண்டு. இரு மெட்டும் ஒன்றாக ஓடும் அந்த ஒன்றரை நிமிடம் காது கூசும். 12 பாடல்களையும் இந்தக் கணக்குக்குள் நிறுத்தி, 74 நிமிடத்துக்கு ஒரு ஏற்ற இறக்கமும் அமைத்துப் பாருங்கள், வரிசையாக அடுக்குவது எவ்வளவு வேலை என்று விளங்கும். அதிகாரபூர்வமான மிக்ஸ் ஆல்பத்துக்கு ஒவ்வொரு பாடலுக்கும் உரிமம் வேறு எடுக்கவேண்டும். ஒன்று மறுக்கப்பட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கலப்பு இரண்டும் போச்சு.

சிலர் இதற்கும் அப்பால் போயிருக்கிறார்கள். டிஜே சாஷா 2004இல் வெளியிட்ட ‘இன்வால்வர்’ ஆல்பத்தில் மற்றவர்களின் பாடல்களைப் பகுதி பகுதியாக எடுத்து, ஏபிள்டன் லைவ் மென்பொருளில் தன் கையால் மீண்டும் கட்டினார். பாடல்களின் உரிமையும் பெருமையும் அவற்றை ஆக்கியவர்களுக்கே. அட்டையில் டிஜேயின் பெயர் இருப்பது தெரிவுக்கும் ஒழுங்குக்கும் இணைப்புக்கும். அது அவர் உழைத்துப் பெற்ற இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கருவிக்கு வருகிறேன். கிக்கின் அடிநாதம் ஏறத்தாழ 50, 60 ஹேர்ட்ஸில் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பேர் சொல்ல ஒன்றும் வராது. பாஸ் வரி முழுவதும் காணாமல் போய், கிக்கின் நுனியிலுள்ள ‘டிக்’ மட்டும் மிஞ்சும். பாஸ் மாற்றம்தான் கலப்பின் திருப்பம் என்றால், ஃபோன் ஸ்பீக்கரில் கலப்பே இல்லை. பெரிய செலவு தேவையில்லை. காதுக்குள் இறுகப் பொருந்தும் சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். பாஸ் குறைவாகத் தோன்றினால் ஈக்வலைசரைத் தொடமுதல் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் மூன்று அளவு தருவார்கள், நடு அளவே எல்லோருக்கும் என்றில்லை. சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகிப் போவது பாஸ்தான். தொடர்மாடியில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதைத் தரையிலும் மூலையிலும் வைக்கவேண்டாம். மூலை பாஸை ஊதிப் பெருக்கும், கொங்கிரீட் அதைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோகும்.

பஸ்ஸில் கேட்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். டீசல் எஞ்சினின் உறுமல் பாஸ் இருக்கும் அதே அலைவரிசையில் உட்கார்ந்து அதை விழுங்கிவிடும், உடனே கை சத்தத்தைக் கூட்டும். பாதுகாப்பாகக் கேட்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபெலுக்கு ஏறினால் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் இரண்டே நாளில் வாரத்தின் பங்கு முடிந்தது. இந்த ஆல்பத்தை இரவுக்கு ஒதுக்குங்கள்.

முதல் கால் மணித்தியாலம் பெரிதாக எதுவும் நடக்காது. அது வேண்டுமென்றே அப்படி. பாதிக்குப் பிறகு கிக் முழுதாக நின்று மெட்டு மட்டும் தனியே நிற்கும் நீண்ட இடமொன்று பெரும்பாலும் வரும். முன்னே தள்ளி அங்கே போய்ப் பார்க்காதீர்கள். 40 நிமிடம் ஓயாமல் ஓடிய அடி நிற்பதுதான் அதன் பலம், நேரே போனால் அது வெறும் சிந்தசைசர் சத்தம்.

தொடங்குவதற்கு என் தெரிவு, 1996இல் சாஷாவும் ஜோன் டிக்வீடும் சேர்ந்து செய்த ‘நோர்தர்ன் எக்ஸ்போஷர்’. 1994இல் அதே இருவரும் செய்த ‘ரெனைசன்ஸ்: த மிக்ஸ் கலெக்ஷன்’ வரலாற்றில் முந்தியது, ஆனால் மூன்று இறுவட்டு. புதியவருக்கு நீளம் கூட. இக்கால ஒலிதான் வேண்டுமென்றால் புவனஸ் அயர்ஸின் டிஜே ஹெர்னான் கட்டானியோவைத் தேடுங்கள். மெட்டை அவசரப்படாமல் வளர்ப்பதில் அவர் கை தனி. இரட்டை இறுவட்டாக இருந்தால் முதலாவதை மட்டும் ஓர் இரவு கேளுங்கள். இரண்டாவது பெரும்பாலும் கனமாக இருக்கும், அது அடுத்த இரவுக்கு.