பழைய ஸ்போர்ட்ஸ் காரில் செனான் கிட் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. மேலே எழும்பி நிற்கும் உருண்டை ஹெட்லைட், உள்ளே எச்4 ஹாலஜன் பல்பு. இரவில் டிம்மில் ஓட்டினால் சாலை சரியாகத் தெரியவில்லை. நண்பரின் கார் தொழிற்சாலையிலிருந்தே செனான் விளக்கோடு வந்தது. அதன் வெளிச்சம் அருமையாக இருக்கிறது. 55 வாட், 8000 கெல்வின் 'பை-செனான்' கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒயரை வெட்டவே வேண்டாம், சொருகினால் போதும், ஈ முத்திரையும் இருக்கிறது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று நீங்கள் சொல்வதை முழுக்க நம்புகிறேன். முப்பது வருடத்தை நெருங்கிய அல்லது தாண்டிய கார் அது. ஹெட்லைட் மங்கியிருக்கத்தான் செய்யும். அதைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் அந்தக் கிட் அதைச் சரிசெய்யாது.

ஏன் என்று புரிய, உங்கள் எச்4 பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். விளக்கு ஆறிய பிறகு, அடிப்பகுதியை மட்டும் பிடித்து. கண்ணாடியில் விரல் படக் கூடாது. உள்ளே இரண்டு இழைகள் தெரியும். ஒன்று வெறுமனே நிற்கும், அது பிரைட்டுக்கு. இன்னொன்றின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும், அது டிம்முக்கு. டிம் இழையின் ஒளி கீழே போகாமல் அந்தக் கரண்டி தடுத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, சாலையை நோக்கிக் கீழே இறங்கும். சுவரில் விளக்கை அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் ஒரு கோடு என்று தெரிவது இதனால்தான். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கோடு. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது கலைந்துவிடும்.

செனான் பல்பில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, வாயுவிலும் உலோக உப்பு ஆவியிலும் மின்வில் எரிகிறது. அந்த வில் நேராக நிற்காமல் சற்று மேல்நோக்கி வளையும். நடுவை விட இரு முனைகளுக்குப் பக்கத்தில்தான் பளிச்சென்று இருக்கும். ஹாலஜன் இழைக்காகக் கணக்குப் போட்டு வளைத்த ரிஃப்ளெக்டரில் இதை வைத்தால், ஒளி எங்கெங்கோ சிதறும். அளவும் சேர்ந்துகொள்கிறது. ஒளியின் அளவை லூமன் என்ற அலகில் சொல்வார்கள். தரமான எச்4 பல்பின் டிம் இழை சுமார் 1000 லூமன் தரும். தொழிற்சாலைக் கார்களில் வரும் டி2எஸ் வகை செனான் பல்பு 35 வாட்டிலேயே 3200 லூமன் தரும். மூன்று மடங்கு ஒளியை அடக்கத் தெரியாத பாத்திரத்தில் ஊற்றுகிறீர்கள். வழிவதெல்லாம் எதிரே வருபவரின் முகத்தில்தான் விழும்.

ஆனால் மாட்டியவருக்கு அது தெரியாது. கிட் மாட்டிய அன்று இரவு "அடேயப்பா, பகல் மாதிரி இருக்கிறதே" என்றுதான் சொல்வார். பகல் மாதிரி இருப்பது பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர்தான். கிட்டத்தில் வெளிச்சம் கூடியதும் கண்ணின் பாவை சுருங்கிவிடும். அறுபது எழுபது மீட்டரில் சாலையோரம் நிற்கும் ஆள் முன்னை விட மங்கலாகத்தான் தெரிவார். பார்வை மோசமாகியிருக்கும், மனசு மட்டும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லும். இந்தக் கிட்டுகளில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

'பை-செனான்' என்ற பெயரில் எச்4-க்கு விற்பதில் ஒரே பல்பை ஒரு சின்ன மின்காந்தம் முன்னும் பின்னும் இழுக்கும். ஒரு நிலை டிம், இன்னொன்று பிரைட். என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு காரில் அந்தக் காந்தத்தின் தண்டு துருப்பிடித்து, பிரைட் நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் டிம் போடுவார், டாஷ்போர்டில் நீல விளக்கு அணையும், வெளியே பிரைட் எரிந்துகொண்டே இருக்கும். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஏன் லைட் அடித்துக் காட்டுகிறார்கள் என்று பல மாதங்களாக அவருக்குப் புரியவில்லை.

இப்போது உங்கள் விற்பவர் சொன்னவற்றுக்கு வருகிறேன்.

8000 கெல்வின் என்பது வெளிச்சத்தின் அளவு இல்லை, நிறம். எண் கூடக் கூட ஒளி நீலமாகும். சாலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும். தொழிற்சாலை செனான் பல்புகள் 4100 முதல் 4300 கெல்வினுக்குள் இருப்பதற்குக் காரணம் இதுதான். 8000 என்று பெட்டியில் போட்டிருந்தால், அதைச் செய்தவர் அழகைத்தான் விற்கிறார். 55 வாட் என்பதும் அப்படித்தான்: கூடுதல் சூடு, கூடுதல் கூசல். சொருகினால் போதும் என்பதில் சொல்லாமல் விட்டது, ஹெட்லைட்டின் பின்மூடியில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்க வேண்டிவரும் என்பது. அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி ரிஃப்ளெக்டரைத் தின்றுவிடும். உங்கள் காரில் விளக்கு ஏறி இறங்குவதால் அந்த ஒயரும் தினமும் மடங்கி நிமிரும். செனான் பல்புக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பேலஸ்ட் பல்பைப் பற்றவைக்கும்போது அந்த ஒயரில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கும் மேல். மடங்கி மடங்கி வெடித்த உறையில் இதை ஓடவிடச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்த ஈ முத்திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லவர்களும் ஏமாறுவது இங்கேதான். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் ஐ.நா. வாகன விதிகளின்படி ஏதோ ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். எதற்கு என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தக் கிட்டுகளில் முத்திரை பெரும்பாலும் பேலஸ்ட் பெட்டியின் மேல்தான் இருக்கும். பக்கத்தில் 10 என்ற விதி எண்ணைப் பார்த்தால், அது மின்காந்த இடையூறு பற்றிய ஒப்புதல். அதாவது இந்தப் பெட்டி ரேடியோவையும் மற்ற மின்னணுக் கருவிகளையும் தொந்தரவு செய்யாது, அவ்வளவுதான். எதிரே வருபவரின் கண் கூசுமா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. செனான் ஹெட்லைட்டுக்கான விதி எண் 98, செனான் பல்புக்கு 99. இரண்டும் சேர்ந்து, அந்தப் பல்புக்கென்றே செய்த விளக்கில் இருந்தால்தான் ஒப்புதல் செல்லும்.

உங்கள் ஹெட்லைட் கண்ணாடியையே பாருங்கள். எச்சிஆர் என்று பொறித்திருந்தால் ஹாலஜன் பல்பில் டிம், பிரைட் இரண்டுக்கும் ஒப்புதல் பெற்றது. செனான் விளக்கில் முதல் எழுத்து டி-யாக இருக்கும்: டிசி, டிஆர், டிசிஆர். எச் என்று பொறித்த கண்ணாடிக்குப் பின்னால் செனான் எரிந்தால், எந்த முத்திரையும் அதைச் சட்டப்படி ஆக்காது. அமெரிக்காவிலும் இதே நிலைதான். ஹாலஜன் விளக்கில் மாட்டும் செனான் கிட் எதுவும் அங்குள்ள 108-ஆம் பாதுகாப்புத் தரத்துக்குப் பொருந்தாது என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

சொல்லி என்ன பயன்? 'பொதுச்சாலையில் பயன்படுத்தக் கூடாது' என்று பெட்டியின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் போட்டுவிட்டால் விற்பவர் தப்பித்துக்கொள்கிறார். எச்4 பல்புள்ள காரைப் பொதுச்சாலைக்கு வெளியே வைத்து யார் ஓட்டுகிறார்கள்? இது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். விற்பனையைத் தடுக்காமல், மாட்டியவரைப் பிடித்து அபராதம் போடுவதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தகுதிச் சோதனை என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது, சுவிட்சைப் போட்டு இரண்டு பக்கமும் எரிகிறதா என்று பார்ப்பதுதான். எரிகிறது, கையெழுத்து. கோடு எங்கே விழுகிறது என்று குனிந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

சரி, நண்பரின் கார் எப்படி நன்றாக இருக்கிறது? அது ஒரு நேர்மையான விதிவிலக்கு. செனான் விளக்கு மோசமானதே இல்லை, 1991-இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் முதலில் வந்ததிலிருந்து நல்ல பெயர் எடுத்த விளக்கு அது. ஆனால் அங்கே பல்பு மட்டும் வரவில்லை. மின்வில்லுக்கென்றே வடிவமைத்த ரிஃப்ளெக்டரோ, லென்ஸ் வழியாக ஒளியைக் குவிக்கும் புரொஜெக்டரோ இருக்கிறது. புரொஜெக்டருக்கு டி2எஸ், ரிஃப்ளெக்டருக்கு டி2ஆர் என்று பல்பே வேறு. டி2ஆர் பல்பின் கண்ணாடியில் வேண்டாத ஒளியை மறைக்கக் கறுப்புப் பட்டை இருக்கும். டிம் பல்பு 2000 லூமனைத் தாண்டினால் ஐ.நா.வின் 48-ஆம் விதி இன்னும் இரண்டு கேட்கிறது. ஒன்று, பின்னால் பாரம் ஏறி வண்டியின் மூக்கு தூக்கும்போது விளக்கைத் தானாகவே தாழ்த்தும் அமைப்பு. இன்னொன்று, ஹெட்லைட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் அமைப்பு. கண்ணாடியில் படிந்த அழுக்கு அவ்வளவு ஒளியையும் சிதறடித்துவிடும் என்பதால்.

ஆகவே, ஒரு கார் மாடலுக்குத் தயாரிப்பாளரே செனானைக் கூடுதல் வசதியாக விற்றிருந்தால், சாதாரண வகை வைத்திருப்பவர் அந்த முழு அமைப்பையும் எடுத்துப் பொருத்தலாம். முழு அமைப்பு என்றால் விளக்குக் கூடு, பேலஸ்ட், சாய்வை அளக்கும் சென்சார், தாழ்த்தும் மோட்டார், கழுவும் பம்ப், ஒயரிங், தேவைப்பட்டால் காரின் கம்ப்யூட்டரில் பதிவு. இதில் விளக்கை மட்டும் வாங்கி, சென்சாரை விட்டுவிட்டால் அரைவேலை. உங்கள் காருக்கு அப்படி ஒரு தொழிற்சாலை செனான் வரவே இல்லை. அதனால் இந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது. 'புரொஜெக்டர் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது பழைய கூட்டைப் பிளந்து ஒட்டிக் கொடுத்தாலும் சரி, அதற்கு ஒப்புதல் கிடையாது.

இனி உங்கள் காருக்குச் செய்ய வேண்டியது.

முதலில் கண்ணாடி வழியாக ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். புகைபடிந்த வளையமோ பழுப்புத் திட்டோ தெரிந்தால் வேறு வழியில்லை, விளக்கையே மாற்றுங்கள். துணியால் துடைக்க முயலாதீர்கள். அந்த அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும். ஏழு அங்குல உருண்டை விளக்கு பல பழைய வண்டிகளுக்குப் பொது என்பதால், ஒப்புதல் பெற்ற நல்ல எச்4 விளக்கு எளிதாகக் கிடைக்கும். வேறு நாட்டிலிருந்து வந்த கார் என்றால், சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவதற்கான விளக்கு என்பதையும் கவனியுங்கள். பழைய இறக்குமதிக் கார்களில் இந்தத் தவறைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வோல்ட்டேஜ். பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருக்கிறான். இன்ஜின் ஓட, டிம் எரிய, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள். பிறகு பல்பின் கனெக்டரில், பின்பக்கமாக, எர்த் முனையோடு சேர்த்து வையுங்கள். பேட்டரியில் 14-ஐ ஒட்டியும் பல்பில் 12-உம் காட்டினால், நடுவில் இரண்டு வோல்ட்டைப் பழைய ஒயரும் சுவிட்சும் சாப்பிடுகின்றன. ஹாலஜன் பல்பின் ஒளி வோல்ட்டேஜை விட மிக வேகமாக விழும். 13.2 வோல்ட்டில் அளந்து சொல்லும் 1000 லூமன், 12 வோல்ட்டில் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு மருந்து ரிலே ஒயரிங். ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேராக, தடித்த ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என ரிலே வைத்துப் பல்புக்குக் கொண்டு வர வேண்டும். பழைய ஒயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். எர்த் ஒயரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். விளக்கு எழும்பும் இடத்தில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, பத்து முறை ஏற்றி இறக்கி எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

பல்பு 60/55 வாட் தாண்ட வேண்டாம். பெயர் பெற்ற தயாரிப்பில் கூடுதல் ஒளி தரும் வகை வாங்கலாம். ஆயுள் குறைவு, பரவாயில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 100/90 வாட் பல்பைத் திணிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கனெக்டர் உருகிப் பல்போடு ஒட்டிப்போனதை நானே கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறேன்.

கடைசியாக நிலைப்படுத்தல். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, ஓட்டும் சீட்டில் உங்களை உட்காரவைத்துச் செய்ய வேண்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே டிம்மின் கோடு விழும்படி திருகுங்கள். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருந்தால், கோடு 70 மீட்டரில் சாலையைத் தொடும். ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தால் இந்த வேலையைக் கட்டாயம் மறுபடி செய்ய வேண்டும். ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதன் முன்னால் ஒரு அட்டையை நிறுத்தி மறையுங்கள். முடித்த பிறகு இரண்டு விளக்கையும் நாலைந்து முறை இறக்கி ஏற்றி, கோடு அதே குறிக்கு வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் விளக்கைத் தூக்கும் கையின் இணைப்பில் ஆட்டம் இருக்கிறது. அதை முதலில் சரிசெய்துவிட்டு, மறுபடி சுவரின் முன்னால் நிறுத்துங்கள்.