சவரக்கத்தி கேள்வி பதில்: முதல் கத்தி எது, அடுத்தது எதற்கு?

மடக்குச் சவரக்கத்தி பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன். பழைய கத்திகளைச் சேர்ப்பதும் கல்லில் தீட்டிக் கொடுப்பதும் என் வேலை. தோல் வியாதி, தாடி வளர்ப்பு என் துறை இல்லை.

திருச்சி: முதன்முதலாக ஒரு கத்தி வாங்கப் போகிறேன், அண்ணா. எந்த பிராண்டு நல்லது?

பிராண்டை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் அகலம். சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. இந்த இரண்டில் ஒன்று போதும். 4/8 மூக்குக்கடியில் அழகாக நுழையும், ஆனால் வழித்த நுரை தேங்க இடம் இருக்காது. 8/8 கனமாக இருக்கும், பழகாத கைக்கு அடங்காது.

அடுத்து குழிவு. அலகின் இரு பக்கத்தையும் எவ்வளவு உட்குழித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முழுக்குழிவு, அரைக்குழிவு, கால்குழிவு, குழிவே இல்லாத ஆப்பு என்று வகை உண்டு. முழுக்குழிவு காகிதம்போல மெலிந்திருக்கும், முடி அறுபடும்போது கன்னத்தில் சத்தம் கேட்கும். கையை அழுத்தினால் அலகு வளையும், உடனே எரிச்சல். அரைக்குழிவு கொஞ்சம் பொறுத்துப் போகும். புதியவருக்கு என் ஓட்டு அரைக்குழிவுக்கே. முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை மீசை ஓரத்தைத் துல்லியமாக வெட்டும், காது மடலையும் வெட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாய், அதாவது வெட்டும் ஓரம். தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று வரும் புதுக் கத்தி பல நேரம் சவரப் பதத்தில் இருக்காது. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, சவரத்துக்குத் தயாராக அனுப்புகிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை. பட்ஜெட்டில் ஒரு பங்கை நல்ல தோல்வாருக்கு ஒதுக்கி வையுங்கள். வார் இல்லாமல் கத்தி வாங்கினால் சில சவரத்தில் கன்னம் எரிய ஆரம்பிக்கும், பழி கத்தி மேல் விழும்.

பிராண்டு என்று கேட்டால், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து டோவோ, ரால்ஃப் ஔஸ்ட், பிரான்சில் தியேர் ஊரின் தியேர்ஸ்-இஸார்ட், இவற்றில் எதுவும் சோடை போகாது. சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த ஊர் வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது. அதனால் அடிமாட்டு விலைக்கு 'சோலிங்கன்' கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

சேலம்: சலூனில் பாதி பிளேடைச் செருகி வழிக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அது பிளேடு மாற்றும் கத்தி. ஒருவருக்கு ஒரு பிளேடு என்று தூக்கிப் போடுவதால் மஞ்சள் காமாலை, எச்ஐவி பயம் இல்லை. கடைக்கு அதுதான் சரி. ஆனால் அதன் வாய் விறைப்பு, கோணம் தவறினால் உடனே வெட்டும். அதில் பழகி வெட்டுப்பட்டுவிட்டு 'மடக்குக் கத்தி எனக்கு ஒத்து வராது' என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் வேறு.

யாழ்ப்பாணம்: தாத்தாவின் பெட்டியில் ராட்ஜர்ஸ் என்று பொறித்த கத்தி கிடைத்தது. துரு ஏறியிருக்கிறது. எவ்வளவு பழையது? சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கட்டுமா?

முதலில் இரண்டாவது கேள்வி. சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அருவாளுக்கும் காய்கறிக் கத்திக்கும் அது சரி. சவரக்கத்தியின் வாய்ப்பக்கம் அவ்வளவு மெல்லியது, சுற்றுகிற சக்கரத்தில் ஒரு நொடி பட்டாலே சூடேறிவிடும். கார்பன் எஃகு 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதன் பிறகு எந்தக் கல்லிலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

இனி வயது. ஜோசப் ராட்ஜர்ஸ், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நிறுவனம். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அவர்கள் முத்திரை. கிரீடத்தின் இருபுறமும் இரண்டு எழுத்து இருந்தால் அது அரசரின் பெயர்க்குறி. வி, ஆர் என்றிருந்தால் விக்டோரியா, அதாவது 1837–1901 காலத்தை ஒட்டியது. ஜி, ஆர் என்றால் எந்த ஜார்ஜ் என்று அலகின் வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாலில், அதாவது அலகை ஒட்டிய பிடிப்பக்கத் தண்டில், 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது, அடுத்த ஆண்டிலிருந்து அந்தச் சொல் பரவலாகத் தென்படும். ஆனால் இலங்கைக்கு வந்த சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சொல் இல்லை என்பதற்காக 1891க்கு முந்தையது என்று யாராவது விலையேற்றினால் நம்பாதீர்கள். ராட்ஜர்ஸ் பெயரில் போலிகளும் நிறைய உண்டு.

துரு எங்கே என்பதுதான் கத்தியின் தலையெழுத்து. முதுகிலும் வாலிலும் இருந்தால் கவலையே இல்லை. வாய் ஓரத்தில் குழிப்புள்ளி விழுந்திருந்தால் தீட்டத் தீட்ட உதிரும். ஒரு சோதனை சொல்கிறேன். விளக்குக்கு அடியில் வாயை மேல்நோக்கிப் பிடித்து, நேர் மேலிருந்து பாருங்கள். நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. மின்னுகிற புள்ளி ஒவ்வொன்றும் மழுங்கிய இடம் அல்லது பல் விழுந்த இடம். பிறகு அலகை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று வராமல் மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்காவது விரிசல் இருக்கலாம். விரிசல் விட்ட கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மரியாதை செய்யுங்கள், முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மதுரை: ஆன்லைனில் 600 ரூபாய்க்கு அலை வரி ஓடும் டமாஸ்கஸ் எஃகுச் சவரக்கத்தி. வாங்கலாமா?

வேண்டாம். எஃகு என்ன, செய்த ஊர் எது என்று சொல்லாத கத்தியின் அலை வடிவத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர்: ஒரு முகத்துக்கு ஒரு கத்தி போதாதா? இத்தனை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சவரத்துக்கு ஒன்று போதும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கத்தியை நன்றாகப் பழகியவருக்கு அடுத்ததன் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஷெஃபீல்டின் பழைய ஆப்புக் கத்தி முக்கால் அங்குலத்துக்கு மேல் அகலம், நல்ல கனம். நான்கு நாள் முரட்டுத் தாடியில் அதன் எடையே வேலை செய்யும், கை வெறுமனே வழிகாட்டும். சோலிங்கன் முழுக்குழிவு அதற்கு நேர் எதிர், தாடையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் விரலுக்குச் சொல்லும். சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா கத்திகளில் சில, தடித்த சட்டத்துக்குள் மெல்லிய தகட்டைப் பொருத்தியவை. ஜப்பானியக் கமிசோரி மடங்கவே மடங்காது, பிடியும் அலகும் ஒரே இரும்பு. அதன் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் எந்தப் பக்கம் முகத்தில் படுகிறது என்பதே தனிப் பயிற்சி.

இன்னொன்று, சரித்திரம். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசை என்னும் மண்கலத்தில் உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் சீரான, கட்டியான எஃகில் சவரக்கத்தி செய்ய முடிந்தது. அந்த ஷெஃபீல்டு எஃகுக்கு மிக உயர்ந்த இரும்பு சுவீடனின் டான்னமோரா சுரங்கத்திலிருந்து கப்பலில் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஓர் ஆங்கிலக் கத்தியையும் ஒரு சுவீடன் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீட்டிப் பாருங்கள், ஒன்றோடு நிற்க மனசு வராது.

அந்தக் காலத்திலேயே ஏழு கத்திப் பெட்டி விற்றார்கள். ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் ஞாயிறு, திங்கள் என்று கிழமை பொறித்திருக்கும். ஒரே கத்தியை நாள்தோறும் தேய்ப்பதைவிட ஏழாகப் பிரித்தால் எதையும் சீக்கிரம் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நாகர்கோவில்: ஏழு கத்திக்குக் காரணம் ஓய்வு அல்லவா? 48 மணி நேரம் சும்மா வைத்தால் வாய் தானாக நிமிரும் என்று படித்திருக்கிறேன்.

நிமிராது. வளைந்த எஃகு மீள்வதாக இருந்தால் விட்ட கணமே மீளும். மீதி வளைவை நிமிர்த்துவது தோல்வார்தான்.

ஈரோடு: என் அப்பா சலூன் வைத்திருந்தார். பிளேடு கத்தி வருவதற்கு முன் இரண்டே கத்தியில் நாள் முழுக்கச் சவரம். ஓய்வாவது ஒன்றாவது!

உங்கள் அப்பாதான் சரியான சாட்சி. ஒவ்வொருவருக்கும் இடையில் வாரில் நாலு இழுப்பு இழுத்திருப்பாரே, விஷயம் அதில் இருக்கிறது.

நாகர்கோவில்: ஆனால் என் அனுபவத்தில் ஒரு நாள் விட்டுச் செய்தால் வழவழவென்று வருகிறது. அதற்கு என்ன பதில்?

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன். ஒரு நாள் விட்டால் ஓய்வெடுப்பது உங்கள் கன்னமும்தான். முடியும் சற்று நீளும், ஈரமும் முழுசாகக் காயும். இப்படிச் சோதியுங்கள். ஒரே மாதிரி தீட்டிய இரண்டு கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நேற்று பயன்படுத்தியது, மற்றது மூன்று நாள் சும்மா இருந்தது. இரண்டையும் வாரில் ஒரே அளவு இழுத்து, எது எது என்று சொல்லாமல் வேறொருவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இடக் கன்னம் ஒன்று, வலக் கன்னம் ஒன்று. சில வாரம் குறித்து வைத்துவிட்டு எழுதுங்கள், ஆவலாகக் காத்திருக்கிறேன்.

சிங்கப்பூர்: 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்ததே, முடியே எஃகை உடைக்கிறது என்று?

ஆமாம், அருமையான ஆய்வு. எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மை. ஆனாலும் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி சாய்ந்து வளையும்போது வாயில் சில்லு தெறிக்கிறது என்று நுண்ணோக்கியில் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது தூக்கிப்போடும் ரேசர் பிளேடு, மடக்குக் கத்தி இல்லை. இருந்தாலும் நம் வாதத்துக்கு உதவும். தெறித்த சில்லு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் திரும்ப வந்து ஒட்டாது. முடியைச் சுடுநீரில் ஊறவைத்து, நுரையைப் பொறுமையாகக் குழைத்துப் போடுங்கள், கத்தியை முப்பது டிகிரிச் சாய்வில் பிடியுங்கள்.

வேலூர்: சவரம் செய்தால் கழுத்தில் பரு வருகிறது.

தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கழுத்தில் எதிர்த்து வழிக்காதீர்கள்.

தூத்துக்குடி: கடற்காற்றில் கத்தி துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

அவசரத்துக்குத் தடவலாம். அதைவிடத் தையல் மிஷின் எண்ணெய் நல்லது, பிசுக்கு ஏறாது. துடைத்த பிறகு அரை மணி நேரம் விரித்தே வைத்துக் காயவிட்டு, துணியில் ஒரு சொட்டு. குளியலறையில் வைக்காதீர்கள். இவ்வளவும் முடியாது என்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்த, ஹென்கல்ஸ் நிறுவனத்தின் பழைய ஃப்ரியோடூர் கத்தி தேடுங்கள், உங்கள் ஊருக்கு ஏற்றது.

கரூர்: பாதி பிளேடு போடும் கத்தியும் இதுவும் ஒன்றுதானே?

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருதுநகர்: எங்கள் தெருவுக்குச் சாணை பிடிப்பவர் வருகிறார், நன்றாகச் செய்வார்...

அவர் நன்றாகத்தான் செய்வார், சவரக்கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். தட்டையான கல், தண்ணீர், முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிய வேண்டும். 1000 நம்பர் கரடுக் கல்லில் தொடங்கி, போகப்போக மென்மையான 4000, 8000, 12000 என்று போகும் வேலை. சக்கரம் வேண்டவே வேண்டாம்.

சென்னை: தந்தப் பிடி போட்ட கத்தி விலைக்கு வந்திருக்கிறது.

தொடாதீர்கள். நம் நாட்டில் யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பலவும் தந்தம்போல வரியிட்ட செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்தான். விற்பவர் தந்தம் என்று சொல்லி விற்றால் அதுவே ஒதுங்குவதற்குப் போதுமான காரணம்.

புதுச்சேரி: ஆறு கத்தியை ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். திறந்தால் நெடி அடிக்கிறது. ஒரு கத்தியின் பிடி வெடித்து ஒட்டுகிறது, பக்கத்துக் கத்திகளிலும் திடீர்த் துரு.

செல்லுலாய்டு அழுக ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் சுற்றி எல்லா அலகையும் தின்னும். அந்தக் கத்தியை இப்போதே வெளியே எடுங்கள். பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு அலகை மட்டும் காப்பாற்றலாம், மரத்தில் புதுப் பிடி போட்டுக்கொள்ளலாம். செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மற்ற ஐந்தையும் துடைத்து, எண்ணெய் தடவி, காற்றாடும் இடத்தில் தனித்தனியாக வையுங்கள். வாயில் துரு ஏறியதா என்று விளக்கடியில் பார்த்துவிட்டுப் படம் அனுப்புங்கள், எதைக் காப்பாற்றலாம் என்று சொல்கிறேன்.