ஓராண்டு வளர்ச்சியை வைத்து ஆசிரியரை எடை போடலாமா?

கேள்வி: மாணவர் வாங்கும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஓராண்டில் அவர் எவ்வளவு முன்னேறினார் என்று பார்த்து ஆசிரியரை மதிப்பிடுவதுதானே நியாயம்? சிங்கப்பூரில் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்:

22 ஆண்டுகளாக இங்கே தொடக்கப்பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் 13 ஆண்டுகள் என்னை மற்றவர்கள் மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் சிலரை மதிப்பிட வேண்டியதாகிவிட்டது. அடியும் வாங்கியிருக்கிறேன், பிரம்பும் பிடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் பாதி எனக்குச் சம்மதம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, வரும்போதே 85 வாங்கும் பிள்ளைகள் ஒருவருக்குக் கிடைக்கிறார்கள். இன்னொருவருக்கு 'ர', 'ற' வேறுபாடே தெரியாத பிள்ளைகள். ஆண்டு முடிவில் இரண்டு வகுப்பின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'யார் நல்ல ஆசிரியர்?' என்று கேட்டால் அது அநியாயம். தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று பார்ப்பது அதைவிட எவ்வளவோ மேல். என் சிக்கல் அடுத்த படியில்தான்: அந்த தூரம் முழுவதையும் ஒரே ஆசிரியர் பெயரில் எழுதுவது.

என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஆறாம் வகுப்பில் 9 பிள்ளைகள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே தாய்மொழிப் பாட நேரம் வந்தால் வகுப்பே கலைந்து, சீன மொழி, மலாய், தமிழ் என்று ஆளுக்கொரு அறைக்குப் போவார்கள். நாலைந்து வகுப்புகளிலிருந்து வந்து சேர்ந்தால் ஒரு தமிழ் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு இறுதித் தேர்வில் அந்த 9 பேரின் சராசரி 66. ஆறாம் வகுப்பு ப்ரிலிமில், அதாவது பெரிய தேர்வுக்கு முன் பள்ளியே வைக்கும் முன்னோட்டத் தேர்வில், 74. எட்டு மதிப்பெண் உயர்வு என்று கூட்டத்தில் பாராட்டினார்கள். நானும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே நடந்தது எனக்குத்தான் தெரியும். இருவர் ஜனவரியிலேயே டியூஷன் சேர்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து பாட்டி வந்து மூன்று மாதம் தங்கினார். அந்த மூன்று மாதத்தில் அவள் பேசிய தமிழை நான் மூன்று வருடத்திலும் பேச வைத்திருக்க முடியாது. ஆக, பாராட்டில் ஒரு பங்கு தஞ்சாவூருக்குப் போயிருக்க வேண்டும்.

மறு ஆண்டும் 9 பேர்தான். அதே நான், அதே பயிற்சித்தாள், அதே தொண்டைக் கட்டு. வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரிந்த சமயத்தில் ஒரு பையன் மட்டும் 31 மதிப்பெண் சரிந்தான். 31ஐ 9ஆல் வகுத்துப் பாருங்கள். அவன் ஒருவனால் வகுப்புச் சராசரி மூன்றரைக்குப் பக்கத்தில் இறங்கியது. '40 பேர் வகுப்பில் இது தெரியவே தெரியாது' என்று ஒரு கணித ஆசிரியர் எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மைதான். ஆனால் என் வகுப்பில் 40 பேர் என்றைக்கும் இருக்கப்போவதில்லையே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் அல்லாதவர்கள் இதை யோசிப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு இறுதித் தேர்வுத் தாளை எடுப்பது யார்? பள்ளியில் இருக்கும் மூன்று தமிழாசிரியர்கள். ப்ரிலிம் தாள்? அதே மூவர். முதல் தாள் கொஞ்சம் கடினமாக அமைந்துவிட்டால் அடுத்த ஆண்டு 'வளர்ச்சி' தானாகவே வந்து நிற்கும். யாரும் வேண்டுமென்று செய்வதாகச் சொல்லவில்லை. ஆனால் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் நம் கையிலேயே இருக்கும்போது நடுவில் வரும் எண்ணுக்கு என்ன மரியாதை?

சரி, சிங்கப்பூரில் ஆசிரியரை எப்படித்தான் மதிப்பிடுகிறார்கள்? ஈபிஎம்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் இலக்குகளை எழுதி, நடுவில் ஒருமுறை பேசி, கடைசியில் அறிக்கை எழுதுவார்கள். எழுதுபவர் பெயர் ரிப்போர்ட்டிங் ஆபீசர். எங்கள் பேச்சில் ஆர்ஓ. 'முழுமையான பிள்ளையை வளர்த்தெடுப்பது' என்பதுதான் அதில் மையத் திறன். பாட அறிவு, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எல்லாம் அதைச் சுற்றி வரும். பிறகு பள்ளித் தலைமை உட்கார்ந்து எல்லாரையும் ஒப்பிட்டுப் பார்த்து 'ஏ' முதல் 'இ' வரை தரம் போடும். செயல்திறன் போனஸ் அதைப் பொறுத்தது. மாணவரின் மதிப்பெண் வளர்ச்சியைச் சூத்திரத்தில் போட்டு 'உன் மதிப்பு இவ்வளவு' என்று சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. அதற்காக மதிப்பெண் அந்த அறைக்குள் நுழைவதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நுழையும். வாசல் வழியாக இல்லாமல் ஜன்னல் வழியாக.

பள்ளி அளவில் நாம் இதை ஒருமுறை செய்தும் பார்த்துவிட்டோம். 1992 முதல் உயர்நிலைப்பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். பிறகு, பிள்ளை பிஎஸ்எல்இயில் (ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேசியத் தேர்வு) வாங்கிய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, பள்ளி அவனை எவ்வளவு தூக்கிவிட்டது என்றும் கணக்குப் பார்த்தார்கள். 2004இல் துல்லியமான வரிசை போய், ஒத்த நிலையில் இருக்கும் பள்ளிகளை ஒரே கூட்டமாகக் காட்டும் பட்டைகள் வந்தன. 2012இல் அதையும் கைவிட்டார்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு விரலால் கோடு போட்டுத் தேடுவது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா செய்தார்.

இப்போது அளக்கக் கையில் இருக்கும் கோலும் பெரிய கோல் இல்லை. 2021 முதல் பிஎஸ்எல்இயில் டி-ஸ்கோர் (மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண்) போய் ஏஎல் (மதிப்பெண் வரம்புப்படி போடும் தரநிலை, ஏஎல்1தான் உச்சம்) வந்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்துக்கு அது நல்லது, நான் முழு ஆதரவு. ஆனால் வளர்ச்சியை அளக்க அதை எடுத்தால் என்ன ஆகும் பாருங்கள். ஏஎல்6 என்பது 45 முதல் 64 வரை. 46இல் இருந்த பையன் ராத்திரி பகலாகப் படித்து 63க்கு வந்தாலும் தாளில் ஏஎல்6தான். 64இல் இருந்தவன் ஒரு மதிப்பெண் ஏறினால் ஏஎல்5. எவனுக்காக ஆசிரியர் அதிகம் உழைத்திருப்பார்?

இங்கே ஒரு குற்ற ஒப்புதல். ஓராண்டு நான் எல்லைக்கோட்டுப் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். 62, 63, 73, 74 வாங்குகிறவர்கள். 'ஊக்க வகுப்பு' என்று அதற்குப் பெயரும் வைத்தேன். 50 வாங்கும் பெண் ஒருத்தி வாசலில் நின்று, "டீச்சர், நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "அடுத்த வாரம் வாம்மா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எண் எங்கே அசையும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

முழுக்க எண்ணை நம்பி இறங்கிய ஊர் எது என்றால், அமெரிக்கா. டென்னசியில் வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர், விவசாயத் துறைப் புள்ளிவிவரங்களோடு பழகியவர், ஆசிரியரின் 'கூட்டு மதிப்பை', அதாவது பிள்ளையின் வளர்ச்சியில் அவர் கூட்டிய பங்கை, கணக்கிடும் முறையை உருவாக்கினார். 1992இல் அந்த மாநிலம் அதைச் சட்டமாக்கியது. 2009இல் ஒபாமா அரசு 4.35 பில்லியன் டாலர் மானியத்தைப் போட்டிக்கு வைத்து, மாணவர் வளர்ச்சியை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்கும் மாநிலங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. பல மாநிலங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தன.

நியூயார்க் மாநிலத்தில் ஷெரி லெடர்மேன் என்ற நாலாம் வகுப்பு ஆசிரியைக்கு ஓராண்டு இந்தக் கணக்கில் 20க்கு 14 வந்தது. மறு ஆண்டு 20க்கு 1. அவருடைய பிள்ளைகள் இரண்டு ஆண்டும் மாநிலச் சராசரியைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். முன்பே உச்சியில் இருக்கும் பிள்ளை இன்னும் எங்கே ஏறுவான்? அவர் வழக்குப் போட்டார். 2016இல் நீதிபதி அந்த 1ஐ அடிப்படையற்ற, மனம்போன போக்கிலான மதிப்பீடு என்று சொல்லி நீக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே புதிய கல்விச் சட்டம் வந்து, மத்திய அரசின் நெருக்குதல் போய்விட்டது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் 2014இல் ஓர் அறிக்கை விட்டிருந்தது: மாணவர் மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்று. ஆசிரியரால் பயனில்லை என்பது இதன் அர்த்தம் இல்லை. மிச்சம் வீட்டிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருகிறது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ராஜ் செட்டி என்ற பொருளியலாளரும் இன்னும் இரண்டு பொருளியலாளர்களும் 2.5 மில்லியன் பிள்ளைகளின் விவரங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். இந்தக் கணக்கில் உயர்வாக வந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் பின்னாளில் கல்லூரிக்கு அதிகம் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். ஆகவே எண் வெறும் பொய் இல்லை. லட்சக்கணக்கில் பார்க்கும்போது அதில் ஏதோ உண்மை இருக்கிறது. 9 பேரில் பார்க்கும்போது அது பாட்டியின் விசாவைச் சொல்கிறது.

சிங்கப்பூரில் அந்தப் 'பாட்டி'க்கு விலைச்சீட்டும் உண்டு. 2023இல் இங்குள்ள குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவழித்தது 1.8 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறது குடும்பச் செலவின ஆய்வு. ஒரு பிள்ளை கணிதத்தில் 12 மதிப்பெண் ஏறினால், அது பள்ளியின் திருமதி லிம்முக்கா, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் கீழே இருக்கும் டியூஷன் மையத்துக்கா, அல்லது இரவு பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கா? எந்தச் சூத்திரத்துக்கும் அந்த ரசீது போய்ச் சேராது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் தேர்வு இல்லை. 2023இலிருந்து தொடக்க, உயர்நிலைப்பள்ளிகளில் எந்த நிலையிலும் அரையாண்டுத் தேர்வும் இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி. கணக்குப் போட விரும்புகிறவருக்கோ மாவு குறைவு, தோசை பெரிதாக வேண்டும்.

அப்படியானால் வளர்ச்சியைப் பார்க்கவே கூடாதா? பார்க்க வேண்டும். நான் ஆர்ஓவாக இருந்தபோது பார்த்தேன். மூன்று ஆண்டு சேர்த்துப் பார்ப்பேன். எண் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் 'என்ன நடந்தது?' என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் அறிக்கையில் எழுதுவேன், எண்ணை அல்ல.

ஒரு சம்பவம். எனக்குக் கீழே ஓர் இளம் ஆசிரியை இருந்தார். ஐந்தாம் வகுப்பில் ஆகப் பின்தங்கிய ஏழு பேரை அவரிடம் கொடுத்திருந்தோம் (புதிதாக வருகிறவர்களிடம் இப்படித்தான் தள்ளிவிடுகிறோம், அது தனிப் பஞ்சாயத்து). ஆண்டு முடிவில் அவர் வகுப்பின் சராசரி இரண்டே மதிப்பெண் ஏறியிருந்தது. அறிக்கை எழுதும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். "அக்கா, ரெண்டு மார்க்குதான். நானே பாத்துட்டேன். ஆனா நீங்க ஒரு தடவை பிள்ளைங்க பேசுறதைக் கேளுங்களேன்" என்றார். ஜனவரியில் வாய்மொழிப் பயிற்சிக்காகப் பதிவு செய்தவை, அக்டோபரில் பதிவு செய்தவை இரண்டையும் வைத்திருந்தார்.

தர வரிசைக் கூட்டத்தில் அவர் பெயர் வந்தபோது, "முன்னேற்றம் எப்படி?" என்று கேட்டார்கள். "இரண்டு மதிப்பெண்" என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போக இருந்தவர்களை நிறுத்தி, மடிக்கணினியில் ஒரு பையனின் ஜனவரிப் பதிவைப் போட்டேன். படத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும். 'இது... ம்ம்... பஸ்... ம்ம்... ஐ டோன்ட் நோ டீச்சர்.' நாற்பது வினாடியில் முக்கால்வாசி மௌனம். பிறகு அக்டோபர். அவன் அப்பா டாக்சி ஓட்டுகிறவர். ராத்திரி சாங்கியில் ஒரு பயணி பையை விட்டுவிட்டுப் போனது, அப்பா திரும்பிப் போய்க் கொடுத்தது, அந்த ஆள் கொடுத்த சாக்லேட்டைத் தானும் தங்கையும் சண்டை போட்டுத் தின்றது. தப்புத் தப்பான தமிழ்தான். 'அப்பா போச்சு' என்கிறான். ஆனால் நிற்காமல் வருகிறது.

எங்கள் முதல்வர் சீனர். தமிழில் 'வணக்கம்' தவிர அவருக்கு ஒரு சொல் தெரியாது. பதிவு முடிந்ததும், "இரண்டும் ஒரே பையனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அந்த ஆசிரியைக்கு என்ன கிரேடு கிடைத்தது என்று கேட்காதீர்கள், அதை வெளியில் சொல்லக் கூடாது. மறு ஆண்டு மே மாதப் பெற்றோர் சந்திப்புக்கு அந்த டாக்சிக்கார அப்பா வந்திருந்தார். மதிப்பெண் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாக்லேட்டுக் கதையை இங்கேயுமா சொல்லிட்டான்?" என்று கேட்டார்.